ஓடத் தெரியாத வீரன்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

ஆரியங்காவிலிருந்து எழுதுகிறேன். செங்கோட்டையிலிருந்து லீவுக்கு வந்த அக்கா மகன், என் பழைய லேப்டாப்பில் ‘டயாப்லோ’ முதல் பாகத்தைப் போட்டுக் கொடுத்தான். நாலு நிலவறை இறங்கியதும், “மாமா, இதுல ஓடக்கூட முடியல, எனக்கு வேண்டாம்” என்று எழுந்து போய்விட்டான். எனக்கு எழுந்திருக்க மனமில்லை. சாரல் சீசன் முழுக்க ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அதில்தான் உட்காருகிறேன். சின்ன வயதில் நான் கம்ப்யூட்டர் கேம் எதையும் தொட்டதில்லை. “பழசுன்னாலே மாமாவுக்குப் பிடிக்கும்” என்று மருமகன் கேலி பேசுகிறான். அந்தக் காலத்தில் வேகமாகச் செய்யத் தெரியாமல்தான் இப்படி விட்டார்களா, வேண்டுமென்றே செய்தார்களா? “வெள்ளிக்கிழமையும் அதுவுமா பேயையும் பிசாசையும் வீட்டுக்குள்ள கூட்டிட்டு வராத” என்று அம்மா வேறு சொல்கிறாள். பின்குறிப்பு: தனியாகத் திரும்ப ஆரம்பித்திருக்கிறேன். இந்தத் தடவை இரண்டாம் நிலவறைக் கசாப்புக்காரனைத் தாண்ட முடியவில்லை.

எம்., ஆரியங்காவு

அன்புள்ள எம்.,

பழசு என்பதால் பிடிக்கிறது என்ற பேச்சு உங்களுக்குப் பொருந்தாது. நினைத்து ஏங்குவதற்கு அந்த ஆட்டத்தோடு உங்களுக்குப் பழைய நாளே கிடையாதே. 1996 கடைசியில் வெளிவந்த ஒன்று, இன்றைக்குப் புதிதாக உட்கார்ந்த ஒருவரை ராத்திரி ராத்திரியாகப் பிடித்து வைக்கிறது என்றால் சரக்கு ஆட்டத்தில்தான் இருக்கிறது. நானும் இத்தனை வருஷமாக அதற்குத் திரும்பத் திரும்பப் போகிறவன்தான்.

மெதுவுக்குக் காரணம் அது பிறந்த விதம். அதை உருவாக்கிய டேவிட் பிரெவிக் முதலில் யோசித்தது, நாம் ஒரு காய் நகர்த்தினால் எதிரி ஒரு காய் நகர்த்தும் ஆட்டமாக. வெறும் எழுத்துகளாலேயே திரையில் நிலவறை வரைந்த ‘மோரியா’, ‘ஆங்பேண்ட்’ போன்ற ஆட்டங்களில் ஊறியவர் அவர். ஆட்டத்தை வெளியிட்ட பிளிசார்ட் நிறுவனத்தின் தரப்பு, காத்திருக்காமல் உடனுக்குடன் நடக்கும் ஆட்டமாக மாற்றச் சொன்னபோது எதிர்த்தார். அலுவலகத்தில் ஓட்டெடுப்பு நடந்து, அதில் அவர் பக்கம் தோற்றது. சரி பார்ப்போம் என்று ஒரே பிற்பகலில் மாற்றினார். மவுஸைத் தட்டியதும் வீரன் நடந்து போய் எலும்புக்கூட்டை அடித்து நொறுக்கினான். அந்த நொடியில் மனம் மாறியதை 2016இல் ஒரு மாநாட்டு மேடையில் அவரே விரிவாகச் சொன்னார்.

முக்கியமான விஷயம், அவர் ‘முறை’யை எடுத்துவிடவில்லை. விநாடிக்கு இருபது முறை என்று பொடிப்பொடியாக நறுக்கிவிட்டார். தரை இன்னும் கட்டம் கட்டமாகத்தான் இருக்கிறது. வீரன் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததுக்குக் கால் வைத்து முடித்தால்தான் அடுத்த காரியம். கதவைத் திறப்பதா, பின்வாங்கி வாசல் நிலையில் நின்று ஒவ்வொருவராக வரவிட்டு அடிப்பதா என்று நீங்கள் யோசிக்கிறீர்களே, அந்த யோசனைக்கு இடம் தருவது இந்த நடைதான். வீரனைச் சுற்றி ஒரு வட்டத்துக்குத்தான் வெளிச்சம். அதற்கு அப்பால் முனகல் மட்டும் கேட்கும். ஓட முடிந்திருந்தால் அந்த இருட்டுக்கு ஒரு மதிப்பும் இருந்திருக்காது.

பையைப் பாருங்கள். நாற்பது கட்டம். ஒரு பெரிய கவசம் ஆறு கட்டத்தை அடைத்துக்கொள்ளும். தங்கம்கூட இடம் பிடிக்கும், ஐயாயிரத்துக்கு ஒரு கட்டம். பெட்டி, பீரோ எதுவும் கிடையாது. அதனால்தான் நாளாக ஆக எல்லாரும் ஊர் நடுவே வெறுந்தரையில் தங்கத்தைக் குவியல் குவியலாகப் போட்டுவைக்கிறார்கள். கிடைத்த வாளில் என்ன மந்திரம் இருக்கிறது என்பதும் தெரியாது. நூறு காசு கொடுத்து ஊர்ப் பெரியவர் கெயின் தாத்தாவிடம் கேட்க வேண்டும். பட்டறைக்காரர் கிரிஸ்வோல்டிடம் கொடுத்துச் சரிபார்க்காவிட்டால் வாள் தேய்ந்து ஒருநாள் இல்லாமலே போகும். எதை எடுப்பது, எதை விடுவது, இன்னும் ஓர் அறை பார்ப்பதா, இப்போதே மேலேறுவதா. ஆட்டத்தில் பாதி இந்தத் தீர்மானங்கள்தான். பின்னால் வந்த ஆட்டங்கள் பலவற்றில் பொருள் மழையாகக் கொட்டும். ஒன்றைக்கூட நான் ஞாபகம் வைத்துக்கொண்டதில்லை.

மேலேறி வந்தால் டிரிஸ்ட்ராம் என்ற அந்த ஊர். இசையமைப்பாளர் மாட் யூல்மனின் பன்னிரண்டு தந்திக் கிட்டார் கேட்டதும் உடம்பு தானாகத் தளரும். அங்கே கடைக்காரர்களிடம் வாங்கி விற்றுவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள், பேச்சுக் கொடுங்கள். ஒருவரைப் பற்றி இன்னொருவர் சொல்வதைச் சேர்த்தால்தான் ஊரின் கதை கூடும். குடித்தே கிடக்கும் ஃபார்ன்ஹாம், பேராயர் லாசரஸ் நம்பவைத்துக் கீழே கூட்டிப்போன கூட்டத்தில் தப்பி வந்தவன். ஒற்றைக்கால் பையன் வர்ட், சரக்கைக் கண்ணில் காட்டவே ஐம்பது காசு கேட்பான். அவனைப் பேய்களிடமிருந்து மீட்டு வந்தது அந்தப் பட்டறைக்காரர்தான். 2000இல் வந்த இரண்டாம் பாகத்தில் இதே ஊருக்கு மறுபடி போவீர்கள். அங்கே என்ன பார்ப்பீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் பாகத்தில் இவர்களோடு பேசிப் பழகியவருக்குத்தான் அந்த இடத்தில் நெஞ்சை அடைக்கும்.

மருமகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மொத்தம் 16 நிலவறைகள். கடைசி நாலில் தூர நின்று மந்திரம் எறிந்துவிட்டு விலகி விலகி ஓடும் மோகினிகள் வருவார்கள். ஓடத் தெரியாத வீரனை வைத்துக்கொண்டு அவர்களைத் துரத்துவது வெறும் அலுப்பு. அங்கே அந்த நடை ஆட்டத்துக்கு எந்த நன்மையும் செய்யவில்லை.

அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். மலைக்கு இந்தப் பக்கம் சுடலைமாடன் கொடையில், சுடலை மலையாள நாட்டு மந்திரவாதியை அடக்கப் போன கதையை விடிய விடிய வில்லுப்பாட்டில் கேட்டவர்கள்தானே நாமெல்லாம். இருட்டுக்குள் போய்ப் பொல்லாததை அடக்கித் திரும்புகிற கதை அம்மாவுக்குப் புதிதல்ல. ஆனாலும் அந்தக் கசாப்புக்காரன் அறையை அவர்கள் கண்ணில் காட்ட வேண்டாம். சின்னப் பிள்ளைகள் கண்ணிலும் படக்கூடாது. அறை முழுக்க ரத்தமும் பிணங்களும்தான், அதை நான் லேசாகச் சொல்ல மாட்டேன்.

இனி அவன் விஷயம். உங்கள் ஆட்டத்தில் தேவாலய வாசலில் குற்றுயிராகக் கிடந்த ஆள் அவனைப் பற்றிச் சொல்லிவிட்டு உயிர் விட்டிருப்பான். (தனி ஆட்டத்தில் எல்லாத் தேடல்களும் எல்லாத் தடவையும் வராது, நிலவறைகளின் அமைப்பும் ஒவ்வொரு புது ஆட்டத்துக்கும் மாறும். மருமகன் அவனைச் சந்திக்காமலே நாலாவது வரை போயிருக்கலாம்.) நேருக்கு நேர் நிற்காதீர்கள். கிரிஸ்வோல்டிடம் ஒரு வில் வாங்குங்கள். முதல் நாலு நிலவறைகளில் கம்பி போட்ட சுவர்கள் உண்டு, அம்பு அதற்குள் நுழையும். அவனை எழுப்பிவிட்டு, கம்பிக்கு மறுபக்கம் நிற்கும்படி பார்த்துக்கொண்டு எய்யுங்கள். அது வாய்க்காவிட்டால் அவன் கதவைத் தொடாமல் மூன்றாவதும் நாலாவதும் இறங்கி, பலம் ஏறியபின் திரும்பி வாருங்கள். விழுந்தால் அவன் வெட்டுக்கத்தி உங்களுக்கு.

மருமகனுக்கு ஒரு தகவல். 2018இல் ஆர்வலர்கள் இந்த ஆட்டத்தின் நிரலைத் திரும்பக் கட்டி எழுப்பினார்கள். அதிலிருந்து வளர்ந்த ‘டெவில்யூஷன்எக்ஸ்’, இன்றைய கணினிகளில் சிக்கலில்லாமல் ஓடும். அசல் ஆட்டத்தின் கோப்பு மட்டும் கையில் வேண்டும். அதை 2019 முதல் ‘ஜிஓஜி’ தளம் விற்கிறது. ஊருக்குள் மட்டும் ஓடிக்கொள்ளும் வசதியும் டெவில்யூஷன்எக்ஸில் உண்டு, அவன் கேட்டது பாதி கிடைத்துவிடும். அடுத்த லீவுக்கு வரும்போது அவனை மந்திரவாதியாக ஆடச் சொல்லுங்கள். நீங்கள் வீரனாகவே இருந்து, இரண்டு கணினியை இணைத்துச் சேர்ந்து இறங்குங்கள். மோகினிகளை அவன் பார்த்துக்கொள்வான்.