பங்காளிகள் வீடு: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

புதுச்சேரியின் தமிழர் பகுதியில் பழைய வீடுகள் இடிக்கப்படுவதைப் பற்றிச் சென்ற மாதம் எழுதிய கட்டுரையில், உரிமையாளர்களின் பேராசையே அதற்குக் காரணம் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அப்படிப்பட்ட ஒரு வீட்டின் பங்காளிகளில் நானும் ஒருவன். திண்ணை, தாழ்வாரம், முற்றம், மாடியில் வளைவுச் சன்னல்கள் எல்லாம் உண்டு. பங்குதாரர் ஐவரில் மூவர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஒவ்வோர் ஐப்பசியிலும் புதிதாக ஓர் அறை ஒழுகத் தொடங்குகிறது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கேட்கும் கூலி எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. பில்டர் ஒருவர் இடித்துக் கட்டி ஆளுக்கொரு வீடு தருவதாகச் சொல்கிறார். பார்த்து ரசிப்பது ஊர், செலவழிப்பது நாங்களா? நாங்கள் ஏன் இடிக்கக் கூடாது?

அன்புடன்,
ஒரு வாசகர், புதுச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

பேராசை என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஐந்து பேருக்கு உரிய வீட்டில் ஒருவர் மட்டும் ஒழுகலுக்குப் பாத்திரம் வைத்துக்கொண்டிருக்கும் நிலையை நான் எண்ணிப் பார்க்காமல் எழுதிவிட்டேன். ஆனாலும் உங்கள் கடைசிக் கேள்விக்கு, தாராளமாக இடியுங்கள் என்று பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

பழைய கட்டடம் விழுவதற்குப் பங்காளிச் சண்டையோ பில்டரோ வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊர்க் கடற்கரையில் நின்ற மேரி கட்டடம் முழுக்க அரசுடைமை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நகரசபைக்காகக் கட்டப்பட்டது. பல ஆண்டுகள் பழுதுபார்க்கப்படாமல் கிடந்த அது, 2014 நவம்பர் 29 அன்று பெய்த மழையில் இடிந்து விழுந்தது. பின்னர் உலக வங்கி நிதியில் அதே தோற்றத்தில் மீண்டும் எழுப்பப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது. அதைப் பார்க்கும்போது மகிழ்ச்சியும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன, ஏனெனில் விழுந்ததை எழுப்பக் கிடைத்த நிதியில் ஒரு சிறு பங்கு உரிய காலத்தில் கூரைக்குக் கிடைத்திருந்தால், பழைய சுவர்களே இன்று நின்றிருக்கக்கூடும். சென்னை அண்ணா சாலையில் 1897-இல் கட்டப்பட்ட பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தின் கதை வேறு மாதிரியானது. 2006-இல் அதை இடிக்கத் தொடங்கியபோது மரபுக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2010-இல் உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பிறகும் அந்தக் கட்டடம் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து சிதைந்துகொண்டுதான் இருந்தது. கடப்பாரைக்குத் தடை வாங்கலாம். மழைக்கு வாங்க முடியாது.

நம் சட்டங்கள் குடியிருக்கும் வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் கோயில், கோட்டை போன்ற நினைவுச் சின்னங்களுக்கானது. தமிழ்நாடு 2012-இல் மரபு ஆணையச் சட்டம் ஒன்றை இயற்றிவிட்டு, அதை நடைமுறைக்குக் கொண்டுவர 2024 வரை காத்திருந்தது. வீட்டுக்காரரின் கணக்கைப் பொருட்படுத்திய விதி என்று நான் கருதுவது மும்பையில் 1995-இல் வந்த மரபுக் கட்டட விதிகளைத்தான். அவற்றின்படி, மரபுக் கட்டடம் என்பதற்காகத் தன் மனையில் கட்ட முடியாமல் போன தளப்பரப்பை, நகரின் வேறு பகுதியில் கட்டிக்கொள்ளும் உரிமையாக உரிமையாளர் பிறருக்கு விற்கலாம். பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டு, இனி ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டிச் செல்லும் முறையைவிட இது நேர்மையானது.

ரசிப்பது ஊர் என்று நீங்கள் குறைபட்டுக்கொண்டதையே நான் உங்கள் தரப்பு வாதமாக எடுத்துக்கொள்வேன். தமிழர் பகுதி வீட்டின் தாழ்வாரம், வீட்டுக்காரர் செலவில் வீதியில் நடப்பவருக்குத் தரப்பட்ட நிழல். திண்ணை, முன்பின் அறியாத வழிப்போக்கரும் அனுமதி கேட்காமல் உட்கார்ந்த இடம். அதற்கு மேல் எழும் மாடியோ பிரெஞ்சு வீதிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்ட வளைவுகளோடும் சுவரொட்டிய தூண்களோடும் நிற்கிறது. கீழே மரத்தூண்களும் மேலே வெள்ளைத் தூண்களுமாக 1738-இல் எழுந்த ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையில் தெளிவாகக் காணும் இந்தக் கலப்பு, உங்கள் வீட்டிலும் இருப்பதாகவே உங்கள் கடிதத்திலிருந்து அறிகிறேன். வீட்டின் ஒரு பகுதி இவ்வாறு ஊருக்குப் பயன்பட்டுக்கொண்டிருக்கும்போது, அதைப் பேணும் செலவிலும் ஊருக்குப் பங்கு இருக்க வேண்டும் என்பதே என் கட்சி. உங்கள் ஊர் வைசியாள் வீதியில் இது ஓரளவு நடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இன்டாக் அங்கே வீடுகளின் முகப்புகளைச் சீரமைத்தபோது, செலவில் ஒரு பகுதியை வீட்டுக்காரர்களும் ஏற்றார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் அப்பணிக்குக் கிடைத்தது. முகப்பை மட்டும் சீரமைத்தால் போதுமா என்று கேட்பவர்கள் உண்டு. போதாதுதான், ஆனால் தாழ்வாரங்கள் ஒன்றோடொன்று தொடரும் வீதியில் ஒரு நண்பகல் நேரம் நடந்து பார்த்தவர்கள் அதை அலங்கார வேலை என்று ஒதுக்க மாட்டார்கள்.

இனி உங்கள் ஒழுகலைப் பற்றி. உங்களுடையது மெட்ராஸ் டெரஸ் தளமாகத்தான் இருக்க வேண்டும்: தேக்கு விட்டங்களின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்தாக நிறுத்திச் சாய்வரிசையாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து இறுக்கி, மேலே தட்டோடு எனப்படும் தட்டையான ஓடுகளைப் பதித்திருப்பார்கள். இத்தகைய தளம் ஈரத்தை உள்வாங்கி வெயிலில் வெளியே விடும் இயல்புடையது. ஒழுகலை நிறுத்துவதாக எண்ணி யாராவது மேலே சிமென்ட் பூசிவிட்டால், விரிசல் வழியே இறங்கிய நீர் திரும்பி வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, சுவருக்குள் செருகியிருக்கும் விட்ட நுனிகளை அரித்துவிடும். ஆண்டுக்கோர் அறை புதிதாக ஒழுகுகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றிய ஐயம் இதுதான். என் தாய்மாமன் வீட்டில் இதே தவறு நடந்தது. விட்டம் மாற்ற ஆன செலவு, முதலிலேயே கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பில் தளத்தைச் சரிசெய்வதற்கு ஆகியிருக்கக்கூடியதைப் போலப் பல மடங்கு.

பெருமாள் கோயில் வீதியிலும் வைசியாள் வீதியிலும் சில பழைய வீடுகள் தங்கும் விடுதிகளாகியிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிறந்து வளர்ந்த கூடத்தில் சுற்றுலாப் பயணி காலை உணவு உண்பது எனக்கு அத்தனை உவப்பான காட்சி அன்று. எனினும் அந்தக் கூடம் இருக்கிறது, பங்காளிகளுக்கு வாடகையும் வருகிறது. வெளிநாட்டில் இருக்கும் மூவருக்கும் உடனே விற்றாக வேண்டிய கட்டாயம் இல்லையென்றால், பில்டரின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் நீண்டகால வாடகைக்கு விடுவதைப் பற்றி அவர்களிடம் ஒருமுறை பேசிப் பாருங்கள். எல்லா வழியும் அடைபட்டபின் நீங்கள் விற்றால், அதற்காக உங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

ஐப்பசிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. மொட்டை மாடிக்கு ஏறி, தட்டோட்டின்மேல் சிமென்ட் பூசப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.