பாங்காக்கில் உணவகம்: அந்த 51 சதவீதம் யாருடையது?

தம்பி, பாங்காக்கில் உணவகம் போட வருகிறீர்கள். 51 சதவீதப் பங்கை ஏஜென்ட் தன் ஆபீஸில் உள்ள தாய்லாந்துக்காரர் பெயரில் போட்டுத் தருகிறேன் என்கிறாராம், சம்மதிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அது பச்சைப் பினாமி. தாய்லாந்தின் 1999ஆம் ஆண்டு வெளிநாட்டார் தொழில் சட்டத்தின் 36ஆவது பிரிவு பெயர் கொடுத்தவரையும் கொடுக்கவைத்த உங்களையும் சேர்த்தே பிடிக்கும்: 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் முதல் 10 லட்சம் பாத் வரை அபராதம், அல்லது இரண்டும்.

உணவு, பானம் விற்பது அந்தச் சட்டத்தின் மூன்றாம் பட்டியலில் வருகிறது. மூலதனத்தில் சரிபாதி வெளிநாட்டார் கையில் இருந்தாலே தனி உரிமம் வேண்டும். அதனால்தான் எல்லாரும் 49 சதவீதத்தில் நிற்கிறார்கள், மீதி 51 தாய்லாந்துக் கூட்டாளிக்கு.

உங்கள் ஒருவருக்கு வேலை அனுமதி வேண்டுமென்றால் 20 லட்சம் பாத் மூலதனமும் 4 தாய்லாந்துப் பணியாளர்களும் காட்ட வேண்டும். அதில் கூட்டாளியின் பங்கு 10.2 லட்சம். அது அவருடைய சொந்தப் பணம்தான் என்பதற்கு வங்கிச் சான்று கேட்பார்கள். நீங்களே கடன் கொடுத்துப் பங்கு வாங்கவைத்த பத்திரம், தேதி போடாமல் கையெழுத்து வாங்கிவைத்த பங்கு மாற்றுப் படிவம் இரண்டும் சோதனையில் அகப்பட்டால் உங்களுக்கே எதிரான சாட்சி.

நிஜக் கூட்டாளி கிடைத்துவிட்டால், பிடி கையில் இருக்க வழி உண்டு. சட்டம் எண்ணுவது மூலதனத்தை, வாக்குகளை அல்ல. 100 பாத் பங்கு 20,000 என்று வையுங்கள். கூட்டாளியின் 10,200ஐ, பத்துப் பங்குக்கு ஓர் ஓட்டுள்ள முன்னுரிமைப் பங்காக்கினால் அவருக்கு 1,020 ஓட்டு, உங்கள் பக்கம் 9,800. தொடக்கத்திலேயே செய்யுங்கள், பங்கை வெளியிட்ட பிறகு அதன் உரிமையை மாற்ற முடியாது. லாபத்தில் அவர் பங்கு ஒழுங்காக அவருக்குப் போகட்டும். போகாவிட்டால் இதுவும் பினாமியாகத்தான் தெரியும்.

பலர் கோட்டைவிடுவது இதற்கு அப்புறம். பங்குதாரர் கூட்டத்தில் கை தூக்கி வாக்கெடுத்தால் தலைக்கு ஓர் ஓட்டு. அங்கே 9,800 எடுபடாது. ‘எல்லா வாக்கெடுப்பும் பங்குகளுக்குரிய ஓட்டுக் கணக்கில்’ என்று கம்பெனி விதிகளிலேயே எழுதவையுங்கள். 2023 முதல் இருவர் சேர்ந்தே கம்பெனி தொடங்கலாம். ஆனால் கூட்டத்துக்கும் குறைந்தது இருவர் வர வேண்டும். கூட்டாளி முறுக்கிக்கொண்டு வராவிட்டால் கூட்டமே செல்லாது. உங்கள் 49இல் ஒரு பங்கையாவது மனைவி பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குறை: அப்போது மூவரில் இருவர் வெளிநாட்டார் ஆகிவிடுவீர்கள்; பங்குதாரர் தலைக்கணக்கில் பாதிக்கு மேல் வெளிநாட்டார் என்றால் கம்பெனி பெயரில் நிலம் வாங்க முடியாது. வாடகைக் கடைக்கு அது தடையில்லை.