குற்றப் புலனாய்வுத் தொடர் ஒன்றில், வில்லன் சித்திரிப்பினாலேயே கெட்டுப்போன அத்தியாயம் எது?

பி.பி.சி.யின் ‘ஷெர்லொக்’ தொடரில் 2017 ஜனவரி 15 அன்று ஒளிபரப்பான, நான்காம் பருவத்தின் இறுதி அத்தியாயம் என்பதே என் பதில். இன்னும் பார்க்காதவர்கள் மேலே வாசிக்க வேண்டாம். முடிவு வரை பேசப்போகிறேன்.

அதில் வரும் வில்லி, ஷெர்லொக்கின் தங்கை யூரஸ். தீவுச் சிறையொன்றில் அடைபட்டிருந்தும், தன்னோடு பேசும் எவரையும் தன் விருப்பப்படி ஆட்டுவிக்கக்கூடியவளாக அவளைப் படைத்திருக்கிறார்கள். கதையின் ஓட்டைகள் பெரும்பாலும் இந்த ஒரு தீர்மானத்திலிருந்தே பிறக்கின்றன. சிறையிலிருந்து வெளியேறி லண்டனில் வெவ்வேறு வேடங்களில் உலாவியது எப்படி என்று கேட்டாலும், அந்தச் சிறையையே கைப்பற்றியது எப்படி என்று கேட்டாலும், “பேசியே மடக்கிவிட்டாள்” என்ற ஒரே விடைதான் கிடைக்கிறது.

இதே தொடரின் இன்னொரு வில்லனான, 2012இல் வந்த மோரியார்ட்டியை நினைத்துப் பாருங்கள். லண்டன் கோபுரம், இங்கிலாந்து வங்கி, பென்டன்வில் சிறை ஆகிய மூன்றின் பாதுகாப்பையும் அவன் ஒரே நேரத்தில் உடைக்கிறான். எந்தப் பூட்டையும் திறக்கும் கணினிக் குறியீடு அவனிடம் இருப்பதாக ஷெர்லொக்கே நம்புகிறான். அப்படியொரு குறியீடே இல்லை, உள்ளே இருந்தவர்களைத்தான் அவன் வளைத்துப் போட்டிருந்தான் என்பது பின்னர் தெரியவரும்போது கதை இன்னும் இறுகுகிறது. நாம் வாழும் உலகத்தின் வழிகளையே அவன் பயன்படுத்துவதால்தான் அவனைக் கண்டு பயம் வருகிறது.

யூரஸின் கதையில் என்னால் சற்றும் ஏற்க முடியாதது கிணறு. ஷெர்லொக்கின் பால்ய நண்பன் காணாமற்போகிறான். யூரஸோ அவனை “மூழ்கியவன்” என்று சொல்லத் தொடங்குகிறாள். அவன் நீரில் மூழ்கியிருப்பான் என்று குடும்பத்தினரும் ஊகிக்கிறார்கள். ஆனாலும் அவர்களுடைய சொந்த நிலத்திலிருந்த கிணற்றில் அவனுடைய எலும்புகள் பல ஆண்டுகள் கிடக்கின்றன! திருகோணமலையில் கிணற்றுடன் கூடிய வளவில் வளர்ந்த எவரையும் கேட்டுப்பாருங்கள்: பிள்ளையைக் காணவில்லை என்ற சத்தம் கேட்டதும் பெரியவர்கள் முதலில் ஓடிப்போய் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான். பின்னர் அதே கிணற்றில் கால்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்ட நிலையில் ஷெர்லொக்கின் நண்பர் டொக்டர் வொட்சன் நிற்க, நீர் ஏறிக்கொண்டிருக்க, மேலிருந்து ஒரு கயிறு விழுகிறது. அடுத்து நாம் பார்க்கும்போது அவர் வெளியே நிற்கிறார். சங்கிலியை யார், எப்படிக் கழற்றினார்கள் என்பது காட்டப்படவேயில்லை.

ஓட்டைகளைவிட என்னை வருத்தியது, இறந்தவர்களைக் கதை கைவிட்ட விதம். மனைவியைக் காப்பாற்றவென்று சிறை ஆளுநர் தன்னையே சுட்டுக்கொள்கிறார். அதன் பின்னரும் யூரஸ் அந்த மனைவியைக் கொல்கிறாள். ஆனால் இறுதியில் அண்ணனும் தங்கையும் சேர்ந்து வயலின் வாசிக்க, குடும்பம் நெகிழ்ந்து பார்த்திருக்கிறது. அவளுடைய தனிமைக்கு இரங்கலாம். அந்த இரக்கத்தில் ஒரு துளியாவது ஆளுநரின் வீட்டாருக்கும் போயிருக்க வேண்டும். ஒரேயொரு காவலரை அவள் படிப்படியாக எவ்வாறு வசப்படுத்தினாள் என்பதை ஒரு காட்சியில் முழுமையாகக் காட்டியிருந்தாலே நான் மற்றதையெல்லாம் நம்பியிருப்பேன். அந்தக் காட்சியைத் தாங்கக்கூடிய நடிப்பு, யூரஸாக நடித்த சியான் புரூக்கிடம் இருந்தது.