ஆளுநரிடம் கோப்பு தூங்கினால் நீதிமன்றம் எழுப்புமா?

கேள்வி: கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற என் அண்ணன் மதுரை மத்தியச் சிறையில் இருக்கிறார். உள்ளே போய் 16 ஆண்டுகள் ஆகின்றன. முன்விடுதலைக்கு மாநில அரசு பரிந்துரைத்துவிட்டது, கோப்பு ஆளுநரிடம் போய் ஓராண்டுக்கு மேல் ஆகிறது என்கிறார்கள். "ஆளுநரை கோர்ட் கேள்வி கேட்க முடியாது, காத்திருங்கள்" என்கிறார் ஒரு வக்கீல். "பேரறிவாளனை விட்ட மாதிரி நேரே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போங்கள்" என்கிறார் இன்னொருவர். நான் யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதிலும் பாதிதான் சரி. முதலாமவர் மனதில் இருப்பது அரசியலமைப்பின் 361-வது பிரிவு. தன் அதிகாரத்தைப் பயன்படுத்தியதற்காக ஆளுநர் எந்த நீதிமன்றத்துக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல என்கிறது அது. அவருக்கு நோட்டீஸ் போகாது. ஆனால் அவர் எடுத்த முடிவு செல்லுமா என்று நீதிமன்றம் பார்க்கலாம். பீகார் சட்டமன்றக் கலைப்பு வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. அதனால் மனுவில் ஆளுநரைச் சேர்க்காதீர்கள். உள்துறைச் செயலாளர், சிறைத்துறைத் தலைவர், சிறைக் கண்காணிப்பாளர் போதும். ஆளுநர் தரப்பில் என்ன தாமதம் என்பதை அரசு வக்கீல் எழுந்து சொல்லியாக வேண்டும்.

தண்டனையைக் குறைக்கும் அதிகாரத்தை 161-வது பிரிவு ஆளுநர் பெயரில் வைத்திருக்கிறது. அதை அவர் தன் விருப்பப்படி பயன்படுத்த முடியாது, அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும் என்று மாரு ராம் வழக்கில் 1980-லேயே அரசியல் சாசன அமர்வு சொன்னது. இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் கோப்புகள் தேங்குவது சட்டக் குழப்பத்தால் அல்ல என்பது என் கருத்து. "இத்தனை நாளுக்குள்" என்று அந்தப் பிரிவில் எழுதப்படவில்லை. அந்த இடைவெளியில்தான் கோப்பு தூங்குகிறது.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் ஆயுள் கைதியாக இருந்த பேரறிவாளனின் வழக்கு இதற்கு நேர் உதாரணம். 1991 ஜூனில் கைதானவர். 2018 செப்டம்பர் 9 அன்று தமிழக அமைச்சரவை அவரையும் மற்ற ஆறு பேரையும் விடுவிக்கப் பரிந்துரைத்தது. ஆளுநர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, முடிவெடுக்க வேண்டியவர் குடியரசுத் தலைவர் என்று கோப்பை டெல்லிக்குத் தள்ளிவிட்டார். அப்படி அனுப்ப அரசியலமைப்பில் இடமே இல்லை என்று 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. திரும்பவும் ஆளுநருக்கு அனுப்பி இன்னொரு சுற்று காத்திருக்க வைக்க விரும்பாமல், முழுமையான நீதி வழங்கத் தனக்கு அதிகாரம் தரும் 142-வது பிரிவின் கீழ் தானே விடுதலை செய்தது.

சரி, உங்கள் இரண்டாவது வக்கீல் இங்கேதான் தடுக்கி விழுகிறார். அந்தத் தீர்ப்பைக் காட்டி, அதே வழக்கில் தண்டனை பெற்ற நளினி சென்னை உயர் நீதிமன்றம் போனார். 142 உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உள்ள அதிகாரம், எங்களிடம் அது இல்லை என்று அதே ஆண்டு ஜூனில் உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. அப்புறம் உச்ச நீதிமன்றம் போய்த்தான் நவம்பர் 11 அன்று அவரும் மற்ற ஐந்து பேரும் வெளியே வந்தார்கள். அதற்காக நீங்களும் முதலிலேயே டெல்லிக்கு ரயில் ஏறினால், 'உயர் நீதிமன்றத்துக்குப் போனீர்களா' என்று கேட்டுத் திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். பேரறிவாளன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்தவர், பல சுற்று வழக்குகளைத் தாண்டி வந்தவர். அந்தத் தீர்ப்பை எல்லோருக்கும் பொதுவான விடுதலைச் சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே மதுரைக் கிளையில் ரிட் மனு போடுங்கள். 'அண்ணனை விடுதலை செய்' என்று கேட்காதீர்கள். 'பரிந்துரையின் மீது இத்தனை வாரத்துக்குள் முடிவெடுத்துத் தெரிவிக்க உத்தரவிடு' என்று கேளுங்கள். மனுவில் பெரிதாகக் கேட்டு வெறுங்கையோடு திரும்புவதைவிட இப்படிச் சின்னதாகக் கேட்டு வாங்குவது மேல்.

'ஆளுநருக்குக் கெடு விதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே' என்று யாராவது குறுக்கே பேசலாம். அது 2025 நவம்பர் 20 அன்று குடியரசுத் தலைவரின் கேள்விகளுக்கு ஐந்து நீதிபதிகள் தந்த கருத்து. அந்த விவகாரம் சட்டமன்ற மசோதாக்களைப் பற்றியது. தண்டனைக் குறைப்பைப் பற்றியது அல்ல. அதிலும்கூட, காரணம் சொல்லாமல் காலவரையின்றி முடிவெடுக்காமல் இருந்தால், நியாயமான காலத்துக்குள் முடிவெடுங்கள் என்று நீதிமன்றம் சொல்லலாம் என்றுதான் இருக்கிறது. நீங்கள் கேட்கப்போவதும் அதுவேதான்.

மனு போடும் முன் ஒரு விஷயத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள்: கோப்பு எந்த வழியில் போயிருக்கிறது? 161-வது பிரிவு ஒரு வழி. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 432, அதாவது இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 473, இன்னொரு வழி. இரண்டாவது வழியில், மரண தண்டனையும் விதிக்கக்கூடிய கொலை போன்ற குற்றத்துக்கு, 14 ஆண்டுகள் நிஜமாகவே உள்ளே இருந்திருக்க வேண்டும். விசாரணைக் கைதியாக இருந்த நாட்கள் சேரும். நன்னடத்தைக்காகத் தண்டனையில் தள்ளுபடி தந்த நாட்கள் சேராது. பரோல் நாட்களும் சேராது என்று கோவா வழக்கு ஒன்றில் 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 16 ஆண்டு என்று வாய்க்கணக்காக எழுதாமல், சிறையிலிருந்து நாமினல் ரோல் (கைதியின் தண்டனை விவரமும் உள்ளே இருந்த நாட்களின் கணக்கும் உள்ள சிறைப் பதிவு) வாங்கி அதில் உள்ளபடி எழுதுங்கள். பரிந்துரை என்றைக்குப் போனது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தேதி இல்லாத தாமதத்தை எந்த நீதிபதியும் நம்ப மாட்டார்.

முடிவு 'நிராகரிப்பு' என்று வந்தால்? அதையும் எதிர்க்கலாம், ஆனால் வாசல் குறுகியது. எப்புரு சுதாகர் வழக்கில் (2006) உச்ச நீதிமன்றம் காரணங்களை வகுத்திருக்கிறது: மனதைச் செலுத்தாமல் போட்ட உத்தரவு, கெட்ட நோக்கம், சம்பந்தமில்லாத விஷயத்தைப் பார்த்தது, பார்க்க வேண்டியதைப் பார்க்காதது, தான்தோன்றித்தனம். முடிவு நமக்குப் பிடிக்கவில்லை என்பது காரணமாகாது. அரசின் நிராகரிப்பில் சுருக்கமாகவாவது காரணம் இருக்க வேண்டும், அதைக் கைதிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. முன்விடுதலைக் கொள்கை உள்ள மாநிலங்களில், தகுதி வந்த கைதி மனு போடாவிட்டாலும் அரசே பரிசீலிக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. சிறைகளில் இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை.

நீதிமன்றப் பரிசீலனை என்ற இந்தக் கத்திக்கு இரண்டு பக்கமும் கூர் உண்டு. 2002 குஜராத் கலவரத்தின்போது நடந்த பில்கிஸ் பானு கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கில் தண்டனை பெற்ற 11 பேரை குஜராத் அரசு 2022 ஆகஸ்டில் விடுவித்தது. வழக்கு மும்பையில் நடந்ததால் அந்த அதிகாரம் மகாராஷ்டிராவுக்குத்தான் என்று 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, இரண்டு வாரத்தில் அவர்களைச் சிறைக்குத் திரும்பச் சொன்னது. உங்கள் அண்ணன் வழக்கு தமிழ்நாட்டில் நடந்திருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. சி.பி.ஐ. விசாரித்த வழக்கு என்றால் மத்திய அரசையும் கேட்க வேண்டியிருக்கும். அதை வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மனு நிலுவையில் இருக்கும்போது, தமிழ்நாடு தண்டனை நிறுத்த விதிகள், 1982-ன் கீழ் விடுப்பு கேட்டு அண்ணன் தனியாக விண்ணப்பிக்கலாம். செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். சிறையில் இருப்பவருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் வைத்துக்கொடுக்க வேண்டும் என்பது சட்டம். மதுரைக் கிளையில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் அண்ணன் பெயரிலோ உங்கள் பெயரிலோ விண்ணப்பம் கொடுங்கள்; நாமினல் ரோல் நகலை மறக்காமல் இணைத்துவிடுங்கள்.