ஓவன் சூடாகவில்லையா? கேளுங்கள்

தீபாவளி நெருங்கினால்தான் நம் சிங்கப்பூர் வீடுகளில் ஓவன் வெளிச்சத்துக்கு வருகிறது. மின்சார ஓவன் பழுதுபார்ப்பது என் தொழில், கேளுங்கள். ஒன்று மட்டும்: எதைக் கழற்றுவதற்கு முன்பும் சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

செங்காங்: கரண்ட் போய் வந்த பிறகு விளக்கு எரிகிறது, சூடு வரவில்லை. திரையில் 0:00 மின்னுகிறது.

மணியைச் சரியாக வையுங்கள் அக்கா. பல ஓவன்களில் கடிகாரம் வைக்காதவரை சூடு வராது.

ஈசூன்: கேக் மேலே கருகுகிறது, அடியில் பச்சை மாவு.

கீழ் எலிமென்ட், அதாவது சூடாக்கும் கம்பி, போயிருக்கும். பல ஓவன்களில் அது அடித்தகட்டுக்குக் கீழே ஒளிந்திருப்பதால் சிவக்கிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, எலிமென்ட்டின் வயரைக் கழற்றி, ஓம் அளக்கும் மீட்டர் வையுங்கள். 230 வோல்ட்டில் 2000 வாட் எலிமென்ட் என்றால் சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். மீட்டர் அசையவே இல்லையென்றால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. அதே வாட்டில் புதியது வாங்கி மாற்ற வேண்டியதுதான். அப்புறம், அடித்தகட்டில் அலுமினியத் தாள் விரிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். சூடு மேலே ஏற வழியில்லாமல் அடியிலேயே தேங்கி, எலிமென்ட்டும் எனாமலும் கெடும்.

தெம்பனிஸ்: போட்ட உடனே வீடு முழுக்க ட்ரிப் ஆகிறது.

நம் ஊர் ஈரத்தில் இது அடிக்கடி வரும். எலிமென்ட்டுக்குள் கம்பியைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு தூள் இருக்கிறது. மாதக்கணக்கில் ஓவனைப் போடாமல் விட்டால் அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மின்சாரம் உடம்புத் தகட்டுக்குக் கசியும், கசிவைக் கண்டதும் மின்சாரத்தை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி விழும். மெக்கர் என்னும் கசிவு சோதிக்கும் கருவியை வைத்துச் சோதித்து, உலர்த்தவோ மாற்றவோ ஆளைக் கூப்பிடுங்கள். சரியானதும் மாதம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட விடுங்கள்.

உட்லண்ட்ஸ்: எனக்கும் இதேதான். எர்த் வயரைக் கழற்றினேன், ட்ரிப் நின்றுவிட்டது.

அண்ணே, இதைப் படித்ததும் முதல் வேலையாகச் சுவிட்சை அணையுங்கள். கசிவு நிற்கவில்லை, போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது. மர அலமாரிக்குள் இருக்கும் ஓவனின் உடம்பே இப்போது மின்சாரத்தோடு நிற்கலாம். ஒரு கை கதவிலும் மறு கை ஸ்டீல் சிங்க்கிலும் பட்டால், அந்தக் கரண்ட் உங்கள் வழியாகத்தான் போகும்.

உட்லண்ட்ஸ்: ஆர்சிசிபி இருக்கிறதே, அது காப்பாற்றாதா?

காப்பாற்றும் வாய்ப்பு உண்டு. ஆனால் எர்த் இருந்தால் நீங்கள் தொடுவதற்கு முன்பே விழும். இல்லையென்றால் உங்களைத் தாக்கிய பிறகுதான் விழும். 1985 ஜூலைக்கு முன் கட்டிய சில வீடுகளில் ஆர்சிசிபி இல்லாமலே இருந்தது. 2023 ஜூலையிலிருந்து அதை எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக்கியது உயிர் போகாமல் இருக்கத்தான்.

பிடோக்: என் மைத்துனரும் அப்படித்தான் ஓட்டுகிறார், ஒன்றும் ஆகவில்லையே?

இன்றே அவருக்கு போன் போடுங்கள். இதில் எனக்கு விவாதமே கிடையாது.

பொங்கோல்: விளக்கு எரிகிறது, சூடு இல்லை. ஏன்?

செங்காங் அக்காவுக்குச் சொன்னதைப் படியுங்கள். மணி சரியாக இருந்தால், கடையில் காட்சிக்கு வைக்கும் டெமோ முறையில் இருக்கிறதா என்று கையேட்டைப் பாருங்கள்.

தோ பாயோ: கேஸ் ஓவன், தீ நிற்கவில்லை.

அது என் துறை இல்லை. உரிமம் பெற்ற கேஸ் பணியாளரைக் கூப்பிடுங்கள்.

ஜூரோங் வெஸ்ட்: எக்ஸ்டென்ஷனில் போட்டால் சூடு ஏறுவதில்லை, வயர்தான் சுடுகிறது.

உடனே கழற்றுங்கள். 13 ஆம்பியர் பிளக் தாங்குவது சுமார் 3000 வாட். ஓவனை நேராகச் சுவர் பாயிண்ட்டில்தான் மாட்ட வேண்டும். 3000 வாட்டுக்கு மேல் இழுக்கும் ஓவனுக்குத் தனி லைன் வேண்டும், அதை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன்தான் போட வேண்டும்.

உட்லண்ட்ஸ்: எர்த்தை மாட்டிவிட்டேன். மறுபடியும் ட்ரிப் ஆகிறது.

நல்லது அண்ணே. எலிமென்ட்டை மாற்றும்வரை அந்த சுவிட்சைப் போடாதீர்கள்.