வத்தகப்பழம்: தட்டிப் பார்க்கும் முன் கொடியைப் பாருங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடியில், பெரிய சாடிகளில் 'சுகர் பேபி' இன வத்தகக் கொடியை வைத்துக் கம்பி வலையில் படரவிட்டிருக்கிறேன். முதல் பழத்தைத் தட்டிப் பார்த்தபோது நல்ல சத்தம் வந்தது. அறுத்தால் உள்ளே வெளிறிய இளஞ்சிவப்பு, இனிப்பே இல்லை. இன்னும் மூன்று தொங்குகின்றன. பறித்து, மாங்காயை வைப்பதுபோல் அரிசிக்குள் வைத்துப் பழுக்கவிடலாமா? மூன்றும் ஒன்றாகப் பழுத்துவிட்டால் எப்படிப் பாதுகாப்பது?

பதில்: அரிசியை அதன் பாட்டில் விட்டுவிடுங்கள். மாங்காயிலும் வாழைக்காயிலும் மாச்சத்துச் சேமிப்பு உண்டு. பறித்த பிறகும் அது சர்க்கரையாக மாறிக்கொண்டிருக்கும். வத்தகக் காயில் அப்படியொரு சேமிப்புக் கிடையாது. இலைகள் உண்டாக்கும் சர்க்கரை காம்பு வழியாக வந்து சேர வேண்டும். காம்பை அறுத்த அன்றோடு அந்த வரவு நின்றுவிடும். அதன்பின் சதையின் நிறம் சற்று ஏறலாம், சதை மென்மையாகலாம், இனிப்புக் கூடாது.

ஆகவே எப்போது அறுப்பது என்பதுதான் முழு விடயமும். புறக்கோட்டையில் பழம் வாங்குபவர்கள் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள். மண்ணில் கிடந்த இடம் வெள்ளையாக இருந்தால் பிஞ்சு. வெண்ணெய் மஞ்சளாக மாறியிருந்தால் பழம். அம்பாந்தோட்டையிலோ புத்தளத்திலோ நிலத்தில் விளைந்த பழத்துக்கு இது நல்ல அடையாளம். உங்கள் பழமோ அந்தரத்தில் தொங்குகிறது; அதில் அந்தத் தடம் விழாது. சுகர் பேபியின் தோல் கரும்பச்சை என்பதால் கோடுகளைப் பார்த்தும் கணிக்க முடியாது. தட்டிப் பார்ப்பதோ பல நூறு பழங்களைத் தட்டிய கைக்கு உதவும். ஒரு கொடியில் நாலு பழம் காய்த்தவருக்கு எல்லாச் சத்தமும் நல்ல சத்தமாகத்தான் கேட்கும்.

உங்களுக்கு உதவக்கூடியது பற்றுக்கம்பி. பழத்தின் காம்பு கொடியோடு சேரும் அதே கணுவில் சுருள்சுருளாக ஒரு மெல்லிய கம்பி இருக்கும். அது பச்சையாக இருக்கும்வரை பழத்தைத் தொட வேண்டாம். நுனி காய்ந்து பாதி பழுப்பானால் இன்னும் சில நாட்கள் பொறுங்கள். அடிவரை காய்ந்து மொறுமொறுப்பானால் பழம் தயார். ஒரு எச்சரிக்கை: வெயிலில் சாடி வறண்டாலும் நோய் பிடித்தாலும் கொடி முழுவதும் பற்றுக்கம்பிகள் காய்ந்துபோகும். பக்கத்துக் கணுக்களையும் பாருங்கள். அவையும் காய்ந்திருந்தால் அது கொடியின் களைப்பு, பழத்தின் முதிர்ச்சி அல்ல. முதிர்ந்த பழத்தின் தோலில் பளபளப்பும் குறைந்திருக்கும்.

அடுத்த முறை, அடியில் சிறு உருண்டையுள்ள பெண் பூ மலரும் நாளிலேயே அதன் காம்பில் ஒரு வண்ண நூலைக் கட்டித் தேதியைக் குறித்து வையுங்கள். நம் வெப்பத்தில் சுகர் பேபி போன்ற சிறிய இனம் அன்றிலிருந்து ஏறத்தாழ 35 நாளில் முதிரும். நாளும் பற்றுக்கம்பியும் ஒத்துப்போனால் துணிந்து அறுக்கலாம்.

முதிரும் கடைசி வாரத்தில் தண்ணீரைக் குறையுங்கள். நிலத்தில் நட்டவர்கள் அநேகமாக நிறுத்தியே விடுவார்கள். மொட்டைமாடிச் சாடியில் அப்படிச் செய்தால் கொடி ஒரே நாளில் துவண்டுவிடும், பாதியாக்கினால் போதும். மழையைத்தான் கட்டுப்படுத்த முடியாது. கொழும்பில் மே மாத மழை கொட்டிய மறுநாள் முதிர்ந்த பழம் வெடிப்பதுண்டு. வெடித்ததை உடனே அறுத்துச் சாப்பிடுங்கள், வைத்திருக்கக் கூடாது.

கையால் திருகி இழுக்காமல், கூரான கத்தியால் இரண்டு அங்குலக் காம்பு விட்டு வெட்டுங்கள். காம்பு பிய்ந்த இடம் அழுகலுக்கு வாசல். விடிகாலையில் பழம் நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும். சிறு தட்டலுக்கும் பிளக்கும். வெயில் ஏறிய பின் வெட்டுவது நல்லது. தொங்கும் பழமென்பதால் அடியில் ஒரு கையைக் கொடுத்துக்கொள்ளுங்கள்.

அறுக்காத பழத்துக்கு ஏற்றது 10 முதல் 15 பாகை செல்சியஸ். அந்தக் குளிரில் இரண்டு, மூன்று வாரம் இருக்கும். கொழும்பு வீடுகளில் அப்படி ஒரு மூலை கிடையாது. காற்றோட்டமான நிழலில், பத்திரிகைத் தாளின் மேல், ஒன்றோடொன்று உரசாமல் வைத்தால் ஒரு வாரம் கவலையில்லை. மாம்பழம், வாழைப்பழம், பப்பாசிப்பழத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். அவை வெளியிடும் எத்திலீன் வாயு வத்தகச் சதையைக் குழையச் செய்யும். முழுப் பழத்தை நாட்கணக்கில் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் தவறு: கடுங்குளிரில் தோலில் குழிகள் விழும், சதை நிறமிழக்கும், சுவையும் கெடும். சாப்பிடுவதற்கு முதல் நாள் இரவு உள்ளே வைத்தால் போதும்.

மூன்றும் ஒரே வாரத்தில் முதிர்ந்தால், ஒன்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். பற்றுக்கம்பி காய்ந்த பிறகும் கொடியிலேயே விட்டுச் சேமிக்க நினைக்க வேண்டாம், சதை மாப்போலாகிவிடும். வெளிறிப்போன அந்த முதல் பழம் மிச்சமிருந்தால் தோலைச் சீவி, பூசணிக்காய் போலத் தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைக்கலாம்.

வெட்டும் முன் தோலைக் கழுவ மறக்காதீர்கள். தோலிலுள்ள கிருமியைக் கத்திதான் சதைக்குள் கொண்டுபோகிறது. புளிப்பில்லாத பழமாதலால் அங்கே அது விரைவாகப் பெருகும். வெட்டிய துண்டுகளை மூடியுள்ள பெட்டியில் குளிரில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பள்ளி இடைவேளைக்கு அதைவிட நேரமாகும் என்பதால், பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிக்கு வாழைப்பழமே நல்லது.