மருந்து அளவும் கணக்கும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் கணிதம் இல்லாத அறிவியல் பிரிவில் படித்துவிட்டு, புதுச்சேரியில் பி.எஸ்ஸி. நர்சிங் முதலாம் ஆண்டில் சேர்ந்திருக்கிறாள். மருந்தின் அளவைக் கணக்கிடச் சொன்னாலே பதறிப்போகிறாள். கணித டியூஷனில் சேர்த்துவிடலாமா?
— ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: பிளஸ் டூ கணித டியூஷன் வேண்டாம், அம்மா. அங்கே நுண்கணிதமும் அணிகளும் நடத்துவார்கள். உங்கள் மகளுக்கு வேண்டியவை விகிதம், சதவீதம், தசமம், அலகு மாற்றம் ஆகியவைதான். இவை அனைத்தையும் பத்தாம் வகுப்புக்குள்ளேயே படித்து முடித்திருப்பாள். தொட்டு நாளாகிவிட்ட அந்தக் கணக்குகள் இப்போது மருந்து பாட்டிலின் லேபிளில் வேறு உருவில் வந்து நிற்பதால்தான் பதறுகிறாள்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் பாராசிட்டமால் தருமாறு மருத்துவர் எழுதினால், மொத்தம் 180 மி.கி. என்பதை எவரும் பெருக்கிச் சொல்லிவிடுவர். ஆனால் ஒரு சிரப்பில் 5 மி.லி.க்கு 120 மி.கி. இருக்கும், மற்றொன்றில் அதே 5 மி.லி.க்கு 250 மி.கி. இருக்கும், கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். ஆகவே அதே 180 மி.கி.க்கு முதலாவதில் 7.5 மி.லி., இரண்டாவதில் 3.6 மி.லி., மூன்றாவதில் 1.8 மி.லி. எடுக்க வேண்டும். முதல் பாட்டிலுக்குரிய 7.5 மி.லி.யைச் சொட்டு மருந்திலிருந்து எடுத்துவிட்டால் 750 மி.கி., அதாவது தரவேண்டியதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல், குழந்தையின் உடலுக்குள் போய்விடும். இங்கே பெருக்கலும் வகுத்தலும் சரியாக இருந்தும் பிழை நேர்கிறது. லேபிளைப் படிப்பதுதான் கணக்கின் முதல் வரி. (இது பயிற்சிக்கான கணக்கு மட்டுமே, உங்கள் வீட்டுக் குழந்தைக்கு அளவைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.)

டிரிப்ஸ் கணக்கும் இத்தகையதே. 500 மி.லி. சலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், டிரிப்ஸ் குழாயான செட்டில் 1 மி.லி.க்கு 20 சொட்டு விழும் என்றால், 10,000 சொட்டுகளை 480 நிமிடங்களால் வகுக்க, நிமிடத்துக்கு ஏறத்தாழ 21 சொட்டு என்று வரும். 1 மி.லி.க்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட்டில், மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு என்று மாணவிகள் மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். மணியின் 60 நிமிடமும் மி.லி.யின் 60 சொட்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதை ஒருமுறை எழுதிப் பார்த்தவளுக்கு அந்தச் சூத்திரம் மறக்காது. ஒவ்வொரு வரியிலும் எண்ணுடன் அலகையும் எழுதுவதையும், கணக்கைத் தொடங்கும் முன் விடை சுமாராக எவ்வளவு வரும் என்று ஊகித்துச் சொல்வதையும் பழக்கமாக்குங்கள். உங்களுக்குக் கணிதம் தெரியாவிட்டாலும், “விடை 5 மி.லி.க்கு மேலா, கீழா?” என்று நீங்களே கேட்கலாம்.

கேள்வி: நான் பி.பார்ம். மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். கணிதத்தில் தடுமாறுவோருக்குக் கல்லூரியிலேயே ஓர் உதவி ஏற்பாட்டை எப்படித் தொடங்குவது?
— ஒரு விரிவுரையாளர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: பிளஸ் டூவில் கணிதம் படிக்காதவர்களுக்கென முதல் பருவத்தில் ‘ரெமெடியல் மேத்தமேட்டிக்ஸ்’ என்ற தாள் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். பகுதி பின்னம், மடக்கை (லாகரிதம்) என்று தொடங்கி, ஒரே பருவத்துக்குள் லாப்லாஸ் உருமாற்றம் என்ற உயர்கணிதம் வரை ஓடும் அந்தத் தாள், கைகொடுப்பதைவிட மிரட்டுவதே அதிகம் என்பது என் கருத்து. மடக்கையை மட்டும் நிதானமாக நடத்தினாலே பெரும்பயன் உண்டு. இரத்தத்தின் அமிலத்தன்மையை மடக்கையில் சொல்லும் பி.எச். அளவு 7.4-இலிருந்து 7.1-க்கு இறங்கினால் அது அற்பமான மாற்றமாகத் தோன்றும். ஆனால் 2-இன் மடக்கை 0.301, அதாவது ஏறத்தாழ இந்த 0.3 இறக்கமே என்பதால், ஹைட்ரஜன் அயனியின் செறிவு இருமடங்காகிவிட்டது என்பதே அதன் பொருள்.

இங்கிலாந்தில் லஃப்பரோ, கவென்ட்ரி முதலிய பல்கலைக்கழகங்களில் எத்துறை மாணவரும் முன்பதிவின்றி வந்து சந்தேகம் கேட்கும் கணித உதவி மையங்கள் நெடுங்காலமாக உள்ளன. உங்களுக்கு அத்தனை பெரிய ஏற்பாடு தேவையில்லை. நூலகத்தில் ஒரு மேசையும், குறித்த நேரத்தில் தவறாமல் அமரும் ஒருவரும் போதும். மாணவர் தம் ஆய்வகப் பதிவேட்டுக் கணக்குடனே வரட்டும். ‘பின்தங்கியோர் வகுப்பு’ என்று மட்டும் பெயர் வைத்துவிடாதீர்கள், வரவேண்டியவர்கள் வரமாட்டார்கள்.

கேள்வி: செவிலிய மாணவர்கள் கைப்பேசியில் கணக்கிடலாமா?
— ஒரு மாணவர், நெல்லிக்குப்பம்

பதில்: தேர்விலும் வார்டிலும் உங்கள் கல்லூரி அனுமதித்தால் செய்யலாம். விடையை எழுதும்போது .5 என்று எழுதாமல் 0.5 என்றும், 5.0 என்று எழுதாமல் 5 என்றும் எழுதுங்கள். புள்ளி கண்ணில் படாமல் போனால் முன்னது 5 ஆகவும் பின்னது 50 ஆகவும் படிக்கப்பட்டுவிடும்.